ஒரே வாயில்

நூறு கிராம்! காய்கறிக் கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போது ஒரு காய் கூட விழுந்துவிட்டால் அவ்வளவுதான் கூடும். வாங்குகிறவர் மகிழ்வார், விற்கிறவரும் பெரிதாக எண்ணமாட்டார். அந்த நூறு கிராம்தான் 2024 ஆகஸ்ட் 7-ஆம் நாள் காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில், வினேஷ் போகத் என்னும் மல்யுத்த வீராங்கனையின் கழுத்துக்கு வரவிருந்த பதக்கத்தைத் தடுத்து நிறுத்தியது. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிச் சுற்றுவரை வந்த முதல் இந்தியப் பெண் அவர். தங்கம் இல்லையேல் வெள்ளி, இரண்டில் ஒன்று உறுதி என்று முதல்நாள் இரவு உறங்கப்போன நாடு, மறுநாள் நண்பகலில் கேட்ட செய்தி: தகுதி நீக்கம், கடைசி இடம்.

அன்று எழுந்த கூச்சல் அடங்கிவிட்டது. சதி என்றனர் ஒரு சாரார். கவனக்குறைவு என்றனர் மற்றொரு சாரார். நாடாளுமன்றத்தில் அமைச்சர் விளக்கம் படித்தார், எதிர்க்கட்சியினர் வெளியேறினர். இரு சாராரும் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஐம்பது கிலோவுக்கான தராசில் ஏன் ஏறி நின்றார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. நாம் இங்கே கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

முதலில் அவர் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். டெல்லியிலும் அரியானாவிலும் வாழும் நம்மவர்களுக்குப் பெயர் தெரியும்; முழு வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அரியானாவில் சர்க்கி தாத்ரி மாவட்டத்தில் பலாலி என்றொரு சிற்றூர். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது அந்த மாநிலத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 834 பேரே இருந்தார்கள். மீதிப் பெண்கள் எங்கே போனார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மண்ணில், மகாவீர் சிங் போகத் என்ற பழைய பயில்வான் தம் பெண்மக்களைக் கோதாவில் இறக்கினார். ஊரார் சிரித்தார்கள், ஏசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூத்த மகள் கீதா 2010-இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2012-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் மல்யுத்த வீராங்கனையும் ஆனார். 2016-இல் வந்த ‘தங்கல்’ என்ற இந்திப் படம் கீதா, பபிதா என்ற அக்காள் தங்கையின் கதையைச் சொல்லிக் கோடி கோடியாய் ஈட்டியது. அந்தப் படத்தில் வராத பெண் வினேஷ். மகாவீரின் தம்பி மகள். 1994-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். தாய் கைம்பெண்ணாக நின்று வளர்த்தார். பெரியப்பா கோதாவில் வளர்த்தார்.

பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2004-இல், ஏதென்ஸ் நகரில்தான். ஆண்களுக்கு இரண்டு பாணிகள் உண்டு. பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் ஒன்றுதான். இடுப்புக்குக் கீழேயும் பிடிக்கலாம், காலை வாரலாம். மூன்று மூன்று நிமிடமாக ஆறு நிமிடம். எதிராளியின் இரு தோள்களையும் மெத்தையில் பதியவைத்தால் அந்தக் கணமே வெற்றி; இல்லையேல் புள்ளிக் கணக்கு. மண் கோதாவில் எண்ணெய் தேய்த்துப் பயின்ற நாட்டுக்கு மெத்தை மல்யுத்தம் எளிதில் கைவரவில்லை. 1952-இல் ஹெல்சிங்கியில் கே. டி. ஜாதவ் வெண்கலம் வென்ற பிறகு, மல்யுத்தத்தில் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2008 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பின்னணியில் வினேஷின் கணக்கைப் பாருங்கள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோப் பிரிவில் தங்கம். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெண்கலம். 2018-இல் கோல்ட் கோஸ்டில் 50 கிலோப் பிரிவில் தங்கம். அதே ஆண்டு ஜகார்த்தாவில், ஜப்பானின் யூகி இரியேவை 6-2 என்று வீழ்த்தி ஆசியத் தங்கம். பெண்கள் மல்யுத்தம் என்றாலே ஜப்பான் என்றிருந்த கண்டத்தில், அந்தத் தங்கத்தை வென்ற முதல் இந்தியப் பெண். 2019-இல் 53 கிலோவுக்கு ஏறி உலகப் போட்டியில் வெண்கலம். 2022-இல் பர்மிங்ஹாமில் மூன்றாவது காமன்வெல்த் தங்கம். பெல்கிரேடில் மீண்டும் ஓர் உலக வெண்கலம். எட்டாண்டுக் காலம் விடாமல் மேடையேறிய பெண் இவர்.

ஒலிம்பிக் மட்டும் இவரைத் தொடர்ந்து ஏமாற்றியது. 2016 ரியோவில் காலிறுதியில் சீன வீராங்கனையுடன் பொருதும்போது முழங்கால் திருகிப்போய்த் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். அதே ரியோவில்தான் சாக்‌ஷி மாலிக் 0-5 என்று பின்தங்கியிருந்து 8-5 என்று வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் மல்யுத்த வீராங்கனை ஆனார். 2021-இல் டோக்கியோவுக்கு வினேஷ் போனபோது 53 கிலோவில் உலகின் முதலிடம் அவருக்கு. பெலாரஸ் வீராங்கனையிடம் காலிறுதியில் தோற்றுத் திரும்பினார். ஆறுதல் சொல்ல வேண்டிய சம்மேளனம், ஒழுங்கு மீறினார் என்று தற்காலிகமாக விலக்கி வைத்தது. மற்றவர்களோடு தங்கவில்லை, மற்றவர்களோடு பயிற்சி செய்யவில்லை, விளம்பரதாரர் கொடுத்த உடையை அணியவில்லை என்பன குற்றங்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். இந்தச் சின்னச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உலகின் முதலிடத்தில் இருந்த வீராங்கனையைக்கூட ஒரே கடிதத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தச் சம்மேளனத்தால் முடியும்.

மற்ற ஆட்டங்களில் ஆடுகிறவனுக்குப் போக்கிடம் உண்டு. கிரிக்கெட்டில் வாரியம் புறக்கணித்தால் வேறு நாட்டுக் கழகத்தில் ஆடிப் பிழைக்கலாம். சதுரங்கத்தில் தன் செலவில் ஐரோப்பாவுக்குப் போய்த் திறந்த போட்டிகளில் காய் நகர்த்தலாம். மல்யுத்த வீரனுக்கு அந்த வழி இல்லை. தேசிய முகாமில் யார் இருப்பது, தேர்வுப் போட்டி எந்த நாள், எந்த எடையில் யார் போவது, வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் அனுப்புவது யார் - எல்லாமே சம்மேளனம். உலக அமைப்பும் நாட்டுச் சம்மேளனம் அனுப்பும் பெயரையே ஏற்கும். வாயில் ஒன்று, திறவுகோல் ஒன்று, அதை வைத்திருப்பவர் ஒருவர்.

பன்னிரண்டு ஆண்டுக் காலம் அந்தத் திறவுகோலை வைத்திருந்தவர் பிரிஜ் பூஷண் சரண் சிங். உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆறு முறை நாடாளுமன்றத்துக்குச் சென்றவர். 2023 ஜனவரி 18-ஆம் நாள் வினேஷ், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்து, வீராங்கனைகளிடம் அவர் தகாத முறையில் நடந்தார் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2017-இல் நம் தமிழ்நாட்டு உழவர்கள் மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்களே, அதே சாலை. தலைநகரில் ஏழைக்கும் வலியவனுக்கும் வழக்கு நடக்கும் திறந்தவெளி மன்றம் அது. தீர்ப்புத்தான் அங்கே கிடைப்பதில்லை.

அரசு ஒரு மேற்பார்வைக் குழு போட்டது. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் அதன் தலைவர். குழுவின் முழு அறிக்கை மக்களுக்குக் காட்டப்படவே இல்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய உட்புகார்க் குழு, மல்யுத்த சம்மேளனத்தில் முறைப்படி அமையவே இல்லை என்பது மட்டும் வெளிவந்தது. பத்தாண்டு! நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை, அந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினரே தலைமை தாங்கிய அமைப்பு, பத்தாண்டு கண்டுகொள்ளவில்லை. புகார் சொல்ல விரும்பிய பெண் யாரிடம் போவாள்? எந்த அறைக் கதவைத் தட்டுவாள்? யார்மீது புகாரோ அவர் தலைமை வகிக்கும் அலுவலகத்தின் கதவு ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 23-இல் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். போலீசில் எழுதிக் கொடுத்த புகாரைப் பதிவு செய்வதற்கே உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 28-ஆம் தேதி பதிவாயிற்று. மே 28-ஆம் நாள், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கி நடக்க முயன்ற வீராங்கனைகளைப் போலீசார் சாலையில் இழுத்துப் போய் வண்டியில் ஏற்றிய படங்களை உலகமே பார்த்தது. வென்ற பதக்கங்களைக் கங்கையில் எறிந்துவிடுவதென்று மே 30-இல் அரித்துவாருக்குப் போனார்கள். உழவர் தலைவர் நரேஷ் திகாயத் வந்து தடுத்தார். ஜூன் 15-இல் போலீசார் குற்றப்பத்திரிகை கொடுத்தனர்.

வழக்கைப் பற்றி நாம் நீதிமன்றத்துக்கு முந்திக்கொள்ளப் போவதில்லை. உள்ளதைச் சொல்வோம். வயது வராத ஒரு பெண்ணின் பெயரால் போடப்பட்ட வழக்கை முடித்துவிடலாம் என்று போலீசார் கேட்டனர். 2025 மே மாதத்தில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற வழக்கில், ஐந்து வீராங்கனைகளின் புகார்கள் தொடர்பாக அவர்மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யும்படி 2024 மே மாதத்திலேயே டெல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாம் பொய் என்று சொல்வோரும், எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று சொல்வோரும் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வழக்கின் முடிவு எதுவானாலும், புகார் சொன்ன வீராங்கனை கொடுத்த விலை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2023-ஆம் ஆண்டின் முதற்பாதி முழுவதும் வினேஷ் மெத்தையில் இருக்க வேண்டிய நேரத்தில் சாலையோரத்தில் இருந்தார். ஆகஸ்டில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. சம்மேளனத் தேர்தல் காலத்தோடு நடக்காததால் உலக மல்யுத்த அமைப்பு இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. அவருடைய எடையான 53 கிலோவில், செப்டம்பர் உலகப் போட்டியில் அந்திம் பங்கால் என்ற இளம் வீராங்கனை வெண்கலம் வென்று ஒலிம்பிக் இடத்தைக் கைப்பற்றினார்.

அந்திமைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போவது நேர்மையாகாது. இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற பெண் அவர். 2023 ஆசியப் போட்டிக்குத் தேர்வுப் போட்டியே இல்லாமல் வினேஷையும் பஜ்ரங்கையும் அனுப்ப, சம்மேளனத்தின் இடத்தில் அரசும் ஒலிம்பிக் சங்கமும் அமர்த்தியிருந்த தற்காலிகக் குழு முடிவு செய்தபோது, அந்திம் நீதிமன்றம் போனார். வழக்குத் தள்ளுபடியாயிற்று, ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறகு வினேஷ் காயம்பட்டு விலக, அந்திம் போய் வெண்கலத்தோடு வந்தார். சலுகை என்பது நல்லவர்க்குக் கொடுத்தாலும் இன்னொருவரின் உரிமையை வெட்டித்தான் கொடுக்கப்படுகிறது. போராட்டத்தை ஆதரித்த நம் நண்பர்கள் பலர் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 21-இல் சம்மேளனத் தேர்தல் நடந்தது. முன்னாள் தலைவருக்கு மிக நெருங்கியவர் என்று எல்லோரும் அறிந்த சஞ்சய் சிங் 40 வாக்குகள் பெற்றார். காமன்வெல்த் தங்கம் வென்ற முன்னாள் வீராங்கனை அனிதா ஷியோரனுக்குக் கிடைத்தவை 7. வாக்களிப்பவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். கோதாவில் காது நசுங்கியவர்களுக்கு வாக்கு இல்லை. அன்று மாலையே சாக்‌ஷி மாலிக் தம் மல்யுத்தக் காலணிகளைப் பத்திரிகையாளர்முன் மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தைவிட்டே விலகினார். மறுநாள் பஜ்ரங் பத்மஸ்ரீ விருதைத் திருப்பினார். வருட முடிவில் வினேஷ் தம் கேல் ரத்னா, அர்ஜுனா விருதுகளைக் கர்த்தவ்யப் பாதையில் வைத்துவிட்டுப் போனார். தேர்தல் நடந்த மூன்றே நாளில் விளையாட்டு அமைச்சகம் புதிய நிர்வாகத்தை இடைநீக்கம் செய்ததும், 2025 மார்ச்சில் அதை விலக்கிக் கொண்டதும் வேறு கதை. திறவுகோல் எந்தக் கைக்குப் போகிறது, எந்தக் கையிலிருந்து வருகிறது என்றே தெரியாத நிலையில் ஒலிம்பிக் ஆண்டு பிறந்தது.

2024 மார்ச் மாதத்தில் பாட்டியாலாவில் தேர்வுப் போட்டி. 53 கிலோவில் அந்திமுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த எடையில் மறுதேர்வு நடக்குமா நடக்காதா என்பதற்கு எழுத்தில் உறுதி வேண்டும் என்று வினேஷ் வாதாடினார். போட்டிகள் மணிக்கணக்கில் தாமதமாயின. கடைசியில் ஒரே நாளில் இரண்டு எடைகளில் இறங்கினார். 53-இல் 0-10 என்று தோற்றார். 50-இல் வென்றார். சில ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த எடைக்கு, இருபத்தொன்பது வயதில், அறுவை முடிந்த முழங்காலோடு இறங்கினார். ஏப்ரலில் பிஷ்கெக் நகரில் வென்று ஒலிம்பிக் இடத்தையும் பிடித்தார்.

ஐம்பது கிலோவுக்கு அவரை இறக்கியது எது என்று தொடக்கத்தில் கேட்டோம். ஒரு தனி மனிதரின் கட்டளை என்று நாம் சொல்லவில்லை. அந்திமின் திறமையும் அதில் ஒரு பங்கு. ஆனால் 2023 முழுவதையும் அவர் மெத்தைமேல் கழித்திருந்தால், 53 கிலோவுக்கான இடத்தை அந்திமோடு நேருக்கு நேர் நின்று தீர்த்துக்கொண்டிருப்பார். வென்றாலும் தோற்றாலும் கணக்குச் சுத்தமாக இருந்திருக்கும். புகார் சொன்னதற்கான தண்டனையை எவரும் எழுதித் தரவில்லை. நாட்காட்டியே அதை நிறைவேற்றிவிட்டது.

ஆகஸ்ட் 6-ஆம் நாள் பாரிஸில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் போட்டியே ஜப்பானின் யூயி சூசாகியோடு. டோக்கியோவில் தங்கம் வென்றவர். பன்னாட்டுப் போட்டிகளில் 82 முறை இறங்கி ஒருமுறைகூடத் தோற்காதவர். வினேஷ் 0-2 என்று பின்தங்கி நின்றார். தாக்கவில்லை என்று நடுவர் கொடுத்த புள்ளிகள் அவை. அவர் தற்காத்துத் தற்காத்து நேரத்தைக் கடத்தினார். கடைசிச் சில விநாடிகள் இருக்கையில் பாய்ந்து சூசாகியைக் கீழே வீழ்த்தினார். இரண்டு புள்ளி. ஜப்பானியர் முறையீடு செய்து தோற்றதில் இன்னும் ஒன்று. 3-2. பொறுமையாக ஒதுங்கி ஒதுங்கி, எதிராளிக்குத் திருப்பித் தாக்க நேரமே இல்லாத கணத்தில் பாய்வது! பழைய பயில்வான்கள் இதைப் பார்த்திருந்தால் தொடையைத் தட்டியிருப்பார்கள். அடுத்து உக்ரைனின் லிவாச்சை 7-5, பிறகு கியூபாவின் குஸ்மானை 5-0. ஒரே நாளில் மூன்று வெற்றி.

இரவு எடை பார்த்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. காலையில் 49.9 இருந்தவர்தான். வற்றவைத்த உடம்பில், போட்டிகளுக்கிடையே தெம்புக்குக் குடித்த நீரும் உண்ட கொஞ்சமும் அப்படியே தங்கிவிட்டன. இரவெல்லாம் ஓட்டம், நீராவி அறை, உணவில்லை, நீரில்லை. தலைமுடியைக் கூட வெட்டினார்கள். காலையில் நின்ற எடை 50 கிலோ 100 கிராம்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு எடைப் பிரிவும் இரண்டு நாள் நடக்கிறது. இரண்டு காலையும் நிறுக்க வேண்டும். இரண்டாம் நாள் தவறினால் முதல் நாள் வெற்றியும் போய்க் கடைசி இடம். உடம்பை வதைத்துச் சிறிய எடைக்கு இறங்குவதைத் தடுக்கவே அந்த விதி. அது அவருக்கென்று எழுதப்படவில்லை. இதே வினேஷ் 2016 ஏப்ரலில் மங்கோலியாவில் ரியோவுக்கான தகுதிப் போட்டியில் 400 கிராம் கூடியதால் நீக்கப்பட்டவர். அடுத்த மாதம் இஸ்தான்புல்லில் வென்று இடம் பிடித்தார். எனவே தராசுக்குக் கண் உண்டு, சதி உண்டு என்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. எடையைக் காப்பது வீராங்கனையின் பொறுப்பும் அவரோடு போன பயிற்சியாளர், மருத்துவர் கூட்டத்தின் பொறுப்புமாகும். ஆனால் முதல் நாள் சரியான எடையோடு நின்று வென்ற வெற்றிகளையும் சேர்த்து அழிப்பது நேர்மையா? விளையாட்டு நடுவர் மன்றம் வெள்ளியைப் பகிர்ந்து தரக் கேட்ட அவர் முறையீட்டை ஆகஸ்ட் 14-இல் தள்ளியது. தள்ளிய நடுவரே அந்த விதியின் விளைவு மிகக் கொடியது என்று குறிப்பிட்டார். அவரிடம் 0-5 என்று தோற்ற குஸ்மான் இறுதிச் சுற்றில் ஆடி வெள்ளி வாங்கிப் போனார். நீதிமன்றத் தீர்ப்புக்குக்கூடக் காத்திராமல் ஆகஸ்ட் 8-ஆம் நாளே வினேஷ் ஓய்வை அறிவித்திருந்தார்.

அடுத்த மாதமே காங்கிரசில் சேர்ந்தார். அக்டோபரில் ஜுலானா தொகுதியில் 6,015 வாக்கு வித்தியாசத்தில் வென்று அரியானா சட்டமன்றம் போனார். “பார்த்தீர்களா, எல்லாமே அரசியல்தான்!” என்று சிலர் கைகொட்டிச் சிரித்தனர். சிரிக்கட்டும். சம்மேளனத்தின் நாற்காலியில் பன்னிரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தவர் அரசியல்வாதி, அது விளையாட்டு. அவரை எதிர்த்தவர் தேர்தலில் நின்றால் மட்டும் அது அரசியல்! 2024 தேர்தலில் அவருக்கு இடம் தராத கட்சி, அவர் மகனுக்கு அதே கைசர்கஞ்ச் தொகுதியைக் கொடுத்தது, மகன் வென்றார். இது எந்தக் கணக்கில் சேரும்? ஒன்று மட்டும் சொல்வோம்: சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் என்பதால் வினேஷையும் நாம் கேள்வி கேட்கலாம், கேட்போம். வெள்ளி வென்றவருக்கு இணையான பரிசாக அரியானா அரசு தர முன்வந்தவற்றுள் நான்கு கோடி ரூபாயை அவர் 2025-இல் தேர்ந்தெடுத்ததை ஏசியவர்கள், அதே அரசு மற்ற வீரர்களுக்குக் கொடுத்தபோது வாழ்த்தியவர்கள்தாம்.

இது அரியானாக்காரர்களின் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நம் பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இந்த ஊர்த் திடல்களில் ஓடுகிறார்கள். கைப்பந்தோ, பளுதூக்குதலோ, நீச்சலோ எதுவானாலும் மேலே போகப் போக இதே மாதிரி ஒரே வாயிலின்முன் போய் நிற்கப் போகிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணை வெளியூர் முகாமுக்கு அனுப்பும் தந்தை, அங்கே புகார் கேட்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. செயற்குழுவில் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. அவர்களில் பெண்கள் நால்வராவது இருக்க வேண்டும். சிறந்த விளையாட்டு வீரர் இருவராவது இருக்க வேண்டும். வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம். பெண்களுக்கும் சிறாருக்கும் பாதுகாப்புக் கொள்கை. நல்லவைதாம். ஜந்தர் மந்தர் வெயிலில் உட்கார்ந்தவர்கள் இல்லாமல் இந்தச் சட்டம் இவ்வளவு விரைவில் வந்திராது என்பது நம் எண்ணம். ஆனால் சம்மேளனங்களுக்கு ஏற்பளிக்கும் வாரியத்தை அமர்த்துவது நடுவண் அரசு. சம்மேளனத் தலைவர்களாக அமர்வதும் பெரும்பாலும் ஆளும் கட்சிப் பிரமுகர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் வழக்கம், காங்கிரஸ் ஆண்டபோதும் இதுவே. திறவுகோலைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டாராக இருந்தால், பதினைந்தில் நால்வர் பெண்கள் என்பதால் என்ன ஆகிவிடும்? அந்த நால்வரும் யாருடைய மனைவி, யாருடைய தங்கை என்று பார்க்க வேண்டிய நிலைதானே வரும்? ஊராட்சி மன்றங்களில் நாம் கண்டதுதான்.

வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர் கையில் புகாரை விசாரிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. புகார் கொடுத்த நாள் முதல் விசாரணை முடியும்வரை அந்த வீராங்கனையின் முகாம் இடமும் தேர்வுப் போட்டி உரிமையும் பறிபோகக் கூடாது. அதற்கு உறுதி சம்மேளனத்திடமிருந்து வரக் கூடாது, வெளியிலிருந்து வர வேண்டும். வாக்குரிமையில் பாதியாவது ஆடியவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் வேண்டும். நாற்பதுக்கு ஏழு என்ற கணக்கு அப்போது வருமா என்று பார்ப்போம்.

வினேஷ் 2025 ஜூலையில் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். டிசம்பரில் ஓய்விலிருந்து திரும்புவதாகவும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முயல்வதாகவும் அறிவித்தார். 2028 ஜூலையில் அவருக்கு வயது முப்பத்துமூன்று ஆகியிருக்கும். அவர் வெல்வாரா என்று சோதிடம் சொல்வது நம் வேலையன்று. ஒலிம்பிக்குக்கு யார் போவது என்பதற்கான தேர்வுப் போட்டி எந்த நாள், எந்த ஊர், எந்த எடையில் எப்படித் தேர்வு என்பதை ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் வெளியிடட்டும். வினேஷுக்கு அது வேண்டும். அந்திம் பங்காலுக்கும் வேண்டும். 2023-இல் போலீஸ் நிலையத்தில் கையெழுத்திட்டுவிட்டு இன்றுவரை பெயர் வெளியே வராமல் இருக்கும் அந்தப் பெண்களில் எவளாவது மறுபடி மெத்தைக்கு வர நினைத்தால், அவளுக்கும் வேண்டும்.